ஒன்றாம் நம்பர் பாய்லர் அறை

ஒன்றாம் நம்பர் பாய்லர் அறையில் பாய்லர் கிடையாது. அதைப் பிடுங்கி எடுத்துப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அன்று காலை குடிதண்ணீர் டிரம்மை நிரப்ப அங்கே இறங்கிய கப்பல் பாய்லர்க்காரன் கிட்வெல், ஏணியின் கடைசிப் படியில் கால் வழுக்காமலிருக்க இடது கையைச் சுவரில் ஊன்றினான். ஊன்றிய வேகத்திலேயே வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சுவர் சுட்டது. வெயில் பட்ட இரும்பின் சூடு இல்லை அது. பதினான்கு வருடம் பாய்லரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வித்தியாசம் தெரியாதா? வெயில் சூடு மேலிருந்து இறங்கும், மாலையானால் அடங்கும். இது சுவருக்குள்ளிருந்து வந்தது, லேசான நடுக்கத்தோடு, உலை மூட்டி இரண்டு மணி நேரம் ஆன பாய்லரின் சூடு. கூடவே கருகிய எண்ணெய் வாசனை.

“என்ன பெருசு, சுவரைத் தொட்டுப் பாக்குற? அதுக்குக் காய்ச்சலா?” என்று கேட்டான் சார்ஜென்ட் பாட்ஸ். கான்வாஸ் படுக்கையில் சட்டையில்லாமல் மல்லாந்து கிடந்தான். அவனைச் சுற்றிலும், நாலு அடுக்குப் படுக்கைகளில், நூற்று நாற்பத்திரண்டு மரீன் சிப்பாய்கள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் விடியலில் அவர்களை ஒரு தீவின் கரையில் இறக்கிவிட வேண்டும்.

“சும்மா பாத்தேன்.”

“ரொட்டி அடுப்புல படுத்த மாதிரி இருக்குய்யா இங்க. ஜப்பான்காரன் வேற எதுக்கு எங்களைச் சுடணும்? நீங்களே பாதி வேக வெச்சுத்தான் இறக்கி விடுவீங்க போல.” பக்கத்துப் படுக்கைகளில் சிரித்தார்கள். பாட்ஸ் ஒரு கையை ஊன்றி எழுந்தான். “அப்புறம் இன்னொண்ணு. படுக்கைக்குப் பின்னாடி போற அந்தக் குழாய்க்குள்ள எலி கிலி இருக்கா? நேத்திலேருந்து டொக்கு டொக்குன்னு தட்டுது.”

கிட்வெலின் கையில் இருந்த தண்ணீர்க் குழாய் டிரம்மை விட்டு விலகித் தரையை நனைத்தது.

“எத்தனை தடவை?”

“மூணு. நிறுத்தும். மறுபடி மூணு. ரொம்ப ஒழுங்கான எலி.”

வெதரெல் அந்தக் கப்பலின் பெயர். நாசகாரிக் கப்பல். 1918இல் ஒரு போருக்காக அடித்துப் பிடித்துக் கட்டினார்கள்; அது தண்ணீரில் இறங்குவதற்குள் போர் முடிந்துவிட்டது. நாலு பாய்லர், நாலு புகைபோக்கி, டார்பிடோக் குழாய்கள் பன்னிரண்டு. எதிரியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இருபது வருடம் சான் டியாகோவில் துருப்பிடித்தது. அடுத்த போர் வந்தபோது, சண்டைக்கு இதைவிட நல்ல கப்பல்கள் இருந்தன. ஆகவே பட்டறையில் ஏற்றி, முன்பக்கத்து இரண்டு பாய்லர்களையும் அவற்றின் மேலிருந்த இரண்டு புகைபோக்கிகளையும் வெட்டி எடுத்தார்கள், டார்பிடோக்களைக் கழற்றினார்கள், பக்கவாட்டில் நாலு படகுகளைத் தொங்கவிட்டார்கள், உடம்பு முழுவதும் பச்சைச் சாயம் அடித்தார்கள். பாய்லர்கள் நின்ற பள்ளத்தில் படுக்கைகளைத் தொங்கவிட்டு, சிப்பாய்களை அடைத்தார்கள். சண்டைக்காரனை மூட்டை தூக்கியாக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சாலமன் தீவுகளில் ஏழு படையிறக்கம். ஏறுகிறவர்களை எண்ணினார்கள், இறங்குகிறவர்களை எண்ணினார்கள். அதற்குமேல் எண்ணுவது வெதரெலின் வேலை இல்லை.

பட்டறைக்காரர்கள் பாய்லரை எடுத்தார்கள், பம்பை எடுத்தார்கள், காற்றாடியை எடுத்தார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். எண்ணெய்த் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது; அதனால் அந்தக் காலத்துக் கப்பல்களில் பாய்லர் அறை தீப்பிடித்தால், ஆட்களை வெளியேற்றி, மேல்தளத்தில் இருக்கும் இரும்பு மூடியை இறுக மூடி, அறைக்குள் நீராவியைத் திறந்துவிடுவார்கள். தீ மூச்சுமுட்டிச் சாகும். அதற்கான குழாய் இன்னும் ஒன்றாம் நம்பர் அறைக்குள் இறங்கியது. அதன் வால்வுச் சக்கரம் இன்னும் மேல்தளத்தில், மூடிக்குப் பக்கத்தில், பச்சைச் சாயத்துக்கு அடியில் சிவப்பு தெரிய நின்றது. கீழ்முனையை அடைத்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதியிருந்தது. பாட்ஸின் ஆட்களை நகரச் சொல்லிவிட்டு, படுக்கைகளுக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தான் கிட்வெல்.

அடைக்கவில்லை. குழாயின் வாய் திறந்திருந்தது. யாரோ அதில் காலுறை காயப் போட்டிருந்தான். பின்பக்கத்து இரண்டு பாய்லர்களும் மும்முரமாக எரிந்துகொண்டிருக்க, அந்த நீராவிக்கும் இந்தப் படுத்திருக்கும் மனிதர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு சக்கரம் மட்டுமே.

இன்ஜின் பிரிவின் தலைவர் சீஃப் மக்ரூடர் கப்பலுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நல்ல மனிதர், தூங்காத மனிதர். அவித்த பீன்ஸைக் கரண்டியால் அள்ளியபடியே கிட்வெல் சொன்னதைக் கேட்டார்.

“அடைச்சாச்சுன்னு பேப்பர்ல இருக்கே.”

“நான் கண்ணால பாத்தேன் சீஃப். தொறந்து கெடக்கு.”

“சரி. துறைமுகத்துக்குப் போனதும் முதல் வேலையா அடைச்சிரலாம். இப்ப வெல்டிங் போட்டா, அத்தனை பேரோட குண்டும் கெரனேடும் பக்கத்துலயே கெடக்கு. நானே ஜப்பான்காரன் வேலையைச் செய்யணுமா?” கரண்டியை நக்கினார். “சக்கரத்தைக் கம்பி போட்டுக் கட்டிடு. எவன் வந்து அதைத் திருப்பப் போறான்? அது எதுக்குன்னு இந்தக் கப்பல்ல உன்னைத் தவிர ஒரு பயலுக்கும் தெரியாது.”

“அதான் சீஃப்.” என்றான் கிட்வெல். “சண்டை மணி அடிச்சா என் இடம் அந்த மூடிகிட்டதான். என்னை அங்கேருந்து மாத்துங்க. வேற எங்க வேணா போடுங்க. குப்பை அள்ளச் சொன்னாலும் சரி.”

“ஏன்?”

ஒரே ஒரு சொல். அதற்குப் பதில் சொன்னால் நூற்று நாற்பத்திரண்டு பேர் பிழைத்தார்கள்.

பதில் இதுதான். 1937, சான் டியாகோவுக்கு வெளியே, ஒரு சாதாரண நாள், பிற்பகல் நான்கு மணி. பாய்லர் அறையில் ஒரு சட்டம் உண்டு: அடுத்த முறைக்காரன் இறங்கி வந்து, எதிரே நின்று, ‘பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்லும்வரை, நிற்கிறவன் நகரக் கூடாது. செத்தாலும் நகரக் கூடாது. அன்று கீழே, இதே ஒன்றாம் நம்பர் அறையில், டூலி, ஹார்ஜிஸ், நோவக் என்று மூன்று பேர். அவர்களை மாற்ற வேண்டியவர்கள் கிட்வெலும் இரண்டு கூட்டாளிகளும். சமையற்காரன் அன்று பீச் பழக் கேக் சுட்டிருந்தான். கிட்வெல் இரண்டாவது துண்டு கேட்டான். ஏழு நிமிடம் தாமதம். மூன்று பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு மூடியருகே வந்தபோது, கீழே எண்ணெய்க் குழாய் வெடித்துக் கரும்புகை மேலே வந்தது. அன்றைய சீஃப் ஓடி வந்தார். மணி நான்கு தாண்டிவிட்டது. அவர் கணக்குப்படி கீழே இருக்க வேண்டியவர்கள் கிட்வெலும் அவன் ஆட்களும். அந்த மூன்று பேரும் இதோ மேலே, கண் முன்னால், முழுசாக நிற்கிறார்கள்.

“கீழே யாரும் இல்லையே?” என்றார் சீஃப், நிம்மதியோடு.

கிட்வெல் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘இருக்கிறார்கள்’ என்றும் சொல்லவில்லை. தாமதமாக வந்தோம் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற ஒரே பயத்தில், அரை நொடி, சும்மா நின்றான். அந்த அரை நொடியில் மூடி விழுந்தது, சீஃப் சக்கரத்தைக் காட்டினார், பக்கத்தில் நின்றவன் கிட்வெல். அவன் கையே திருப்பியது. பிறகு தட்டும் சத்தம். மூன்று. நிறுத்தி மூன்று. பதினொரு நிமிடம். குழாய் சூட்டில் விரிகிற சத்தம் என்றார் சீஃப். ஆமாம் என்றான் கிட்வெல். விசாரணையில், வெடித்த நொடியிலேயே மூவரும் இறந்திருப்பார்கள் என்று எழுதினார்கள். கூட்டாளிகளில் ஒருவன் படையை விட்டு ஓடினான். இன்னொருவன் குடித்தே செத்தான்.

“ஏன்டா, கேக்குறேன்ல?” என்றார் மக்ரூடர்.

“ஒண்ணுமில்ல சீஃப். சும்மாதான் கேட்டேன்.”

“வயசாயிடுச்சு உனக்கு” என்று சொல்லிவிட்டு அவர் பீன்ஸுக்குத் திரும்பினார்.

கிட்வெல் சக்கரத்தைக் கம்பியால் ஏழு சுற்றுச் சுற்றி, முனையை இடுக்கியால் முறுக்கி, போதாதென்று மேலே ஒரு கயிறும் கட்டினான். கீழே போய், கூராகச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் குழாயின் வாயில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினான். நீராவியின் முன்னால் மரக்கட்டை எம்மாத்திரம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் குழாயின் உள்ளே, எங்கோ தூரத்தில், ஒரு அடி திரும்பக் கேட்டது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். மூன்றாவது அடியோடு சுத்தியலை நிறுத்தினான். உள்ளே மட்டும் இன்னும் மூன்று அடி விழுந்தது.

மத்தியானம் மேல்தளத்தில் நிழலே இல்லாத வெயில். கடல் அசையாமல் கிடந்தது. பின்பக்கத்து இரண்டு புகைபோக்கிகளின் நிழல்கள் மட்டும் தளத்தின் குறுக்கே படிந்திருந்தன. கிட்வெல் அவற்றை எண்ணினான். இரண்டு. சிறிது நேரம் கழித்து, எண்ண வேண்டிய அவசியம் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி எண்ணினான். இரண்டுதான்.

மூன்று மணிக்குக் கீழே போய்ப் பார்த்தான். மரக்கட்டை தரையில் கிடந்தது. எடுத்தான். சூடாக, ஈரமாக, ஒரு பக்கம் முழுக்கக் கருகியிருந்தது.

“யார் பிடுங்கினது இதை?”

“எங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்றான் பாட்ஸ். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. அவன் தோளெல்லாம் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். “பெருசு, ஒரு விஷயம் கேக்குறேன், பயலுக முன்னாடி வேண்டாம். எங்களோட ஏறாத ஆளுங்க யாராவது இங்க படுத்திருக்காங்களா? கடைசி வரிசைல ராத்திரி மூணு பேரு நின்னுக்கிட்டே இருந்தாங்க. கழுத்துல துண்டு. ஏணியையே பாத்துக்கிட்டு. யாருன்னு கேட்டேன். ‘எங்களை மாத்த ஆள் வரணும்’னு ஒருத்தன் சொன்னான்.”

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது. இந்த மனிதனிடம் சொல்லலாம்; இவன் தன் ஆட்களை மேலே கூட்டிப்போய் வெயிலில் உட்கார வைப்பான், யார் தடுத்தாலும் கேட்க மாட்டான்.

“இன்ஜின் ஆளுங்களா இருக்கும்” என்றான் கிட்வெல்.

ஏணியேறி வெளியே வந்து, தளத்தின் ஓரத்தில் குனிந்து, வாந்தியெடுத்தான். தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. நாளைக்கு விடிந்தால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள், பதினைந்து மணி நேரம்தானே, பதினைந்து மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று சொல்லிச் சொல்லி மனத்தைத் தேற்றினான்.

நான்கு மணிக்கு முறை மாற்ற மணி அடித்தது. அதன் கடைசி ஒலி அடங்குவதற்குள் சண்டை மணி.

விமானங்கள். மேற்கே, சூரியனுக்குள்ளிருந்து.

அவனவன் தன் இடத்துக்கு ஓடினான். சிப்பாய்களைக் கீழே அடைத்து மூடியை இறுக்குவது கிட்வெலின் வேலை. மேலே இருந்தால் குண்டுச் சில்லு வெட்டிப் போட்டுவிடும் என்பதால் அப்படியொரு விதி. கடைசியாக ஏணியில் நின்றது பாட்ஸ்.

“மூடுறியா? மூடு. தொறக்க மறந்துடாத பெருசு, உனக்குத்தான் வயசாயிடுச்சே.”

மூடி விழுந்தது. எட்டுக் கைப்பிடிகள். எட்டையும் இறுக்கினான்.

பீரங்கிகள் வெடித்தன. வெதரெல் சாய்ந்து திரும்பியது. முதல் குண்டு தூரத்தில் விழுந்தது, இரண்டாவது பக்கத்தில்; கடல் சுவராக எழும்பித் தளத்தின் மேல் சரிந்து, அவனை மூடியோடு சேர்த்து அறைந்தது. காது அடைத்துப்போனது. தலையைத் தூக்கியபோது எங்கும் புகை. கப்பலை மறைக்க வேண்டுமென்றே கக்கவிட்ட கரும்புகைதான். காற்று அதைக் கீழே அழுத்த, முன்பக்கத்துக் காற்றுக்குழாய்கள் அதை உறிஞ்சி வெளியே தள்ளின. அது அவனுக்குத் தெரியும். இந்த மாதத்தில் மட்டும் நாலு தடவை பார்த்திருக்கிறான்.

புகை ஒன்றாம் நம்பர் அறையிலிருந்து வந்தது.

எரிந்த எண்ணெய். அதே வாசனை. வாயில் பீச் பழத்தின் தித்திப்பு.

நிமிர்ந்து பார்த்தான். புகை விலகியது.

நாலு புகைபோக்கிகள்.

கண்ணைக் கசக்கினான். நாலு. கறுப்பாக, உயரமாக, வரிசையாக. நாலும் புகைந்தன. தளம் பச்சையாக இல்லை. சாம்பல் நிறம். அமைதிக் காலத்துச் சாம்பல்.

“கீழே யாரும் இல்லையே?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நிம்மதியான குரல்.

கிட்வெல் திரும்பவில்லை. சொல், சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்தத் தடவை சொல். மூன்று பேர் இருக்கிறார்கள் என்று சொல்.

அரை நொடி.

கை சக்கரத்துக்குப் போய்விட்டது. ஏழு சுற்றுக் கம்பியை எப்போது அவிழ்த்தான்? விரல் நுனியெல்லாம் ரத்தம். கயிறு காலடியில். சக்கரம் சுழன்றது, வழுக்கிக்கொண்டு, எண்ணெயிட்டது போல. உள்ளே நீராவி சீறியது.

தட்டினார்கள்.

மூன்று. நிறுத்தி மூன்று.

அவர்கள்தான். டூலி. ஹார்ஜிஸ். நோவக். ஆறு வருடமாகத் தட்டுகிறவர்கள், இரண்டு நாளாகக் குழாய்க்குள் தட்டுகிறவர்கள், செத்துப்போனவர்கள். செத்தவர்களுக்கு நீராவி சுடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தான். தட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள். எனக்குப் பழகிவிட்டது.

நான்கு.

ஒன்பது.

மூடி முழுவதும். அடியிலிருந்து. கைகளால், தலைக்கவசங்களால், துப்பாக்கிக் கட்டைகளால். கைப்பிடிகள் அதிர்ந்தன. பூட்ஸுக்கு அடியில் தளம் சுட்டது. குரல்கள். ஒரு குரல் தெளிவாக.

“பெருசு! பெருசு, தொற!”

அவர்கள் எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசுவார்கள். கிட்வெல் அழுதான், ஆனால் சக்கரத்தை விடவில்லை. குரல்கள் குறைந்தன. தட்டுவது குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு கை, மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாதது போல.

பிறகு அதுவும் இல்லை.

விமானங்கள் போய்விட்டிருந்தன. யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். மக்ரூடர்.

“உள்ள ஆளுங்கடா! உள்ள ஆளுங்க இருக்காங்கடா, பாவி!”

அவரே சக்கரத்தை மூடினார். வெறும் கையால் கைப்பிடிகளைத் திருப்பினார். தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. எட்டும் திறந்தன. மூடி எழுந்தது. வெள்ளையாக ஆவி மேலே போய்க்கொண்டே இருந்தது. மக்ரூடர் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தபடியே இருந்தார்.

ஆவிக்குள்ளிருந்து ஒரு கை ஏணியைப் பற்றியது.

டூலி ஏறி வந்தான். அவன் பின்னால் ஹார்ஜிஸ், நோவக். கழுத்தில் துண்டு, முகத்தில் கரி, வேலை முடித்து வருகிறவர்களின் களைப்பு. மக்ரூடரின் முதுகைத் தாண்டிக் கால் வைத்தார்கள், அவர் அசையவில்லை. மூன்று பேரும் வெளிக்காற்றை ஆழமாக இழுத்துவிட்டார்கள். டூலி துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

“ரொம்ப லேட்டு கிட்வெல்” என்றான், கோபமே இல்லாமல். “பரவால்ல. ஆள் நெறயவே அனுப்பிட்ட.”

பேசிக்கொண்டே சமையலறைப் பக்கம் நடந்து போனார்கள். புகை அவர்களை மூடியது.

கிட்வெல் தவழ்ந்து மூடியின் விளிம்புக்கு வந்தான். பார்க்கக் கூடாது. பார்த்தான்.

ஆவி அடங்கியிருந்தது. யாரும் படுத்திருக்கவில்லை. நூற்று நாற்பத்திரண்டு பேரும் எழுந்து வரிசையாக நின்றார்கள், தோளோடு தோள், வெந்து உரிந்த கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணென்று இருந்த இடங்களை மேலே திருப்பிக்கொண்டு. ஏணியின் அடியில் பாட்ஸ். அவன் உதடுகள் இல்லாத வாயைத் திறந்தான்.

“பொறுப்பை ஏத்துக்கிட்டோம் பெருசு” என்றான். “எங்களை மாத்த எப்ப வருவ?”

அத்தனை முகங்களும் பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டு நின்றன.